மாணவி ஆன பேராசிரியை!

அமெரிக்காவில் ஹோலியோக் என்று ஓர் ஊர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே காகித ஆலைகள் ஏராளம். "காகித நகரம்" என்றே அதற்குப் பட்டப்பெயர்.

நம் ஊர்ப் பிள்ளைகள் வலை கட்டி "வாலிபால்" விளையாடுகிறார்கள் அல்லவா? அந்த ஆட்டம் பிறந்தது அந்த ஊரில்தான். 1895-ல்.

ஆனால், நாம் பார்க்கப்போவது பந்தாட்டத்தை அல்ல. அதே ஊரில் உள்ள ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்மணியை.

அவர் பெயர் எலைன் மரீப். விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வகுப்புக்குள் நுழைந்தால் மாணவ மாணவிகள் எழுந்து கேள்வி கேட்பார்கள். அவர் பதில் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர், ஒருநாள் நர்ஸ் படிப்பில் மாணவியாகச் சேர்ந்துவிட்டார்! அதுவும் எங்கே? தான் சம்பளம் வாங்கிய அதே கல்லூரியில்!

டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு நர்ஸ் படிப்பு எதற்கு? அதைச் சொல்லுவதற்கு முன், அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

இரண்டு வருடக் கல்லூரி

அமெரிக்காவில் "கம்யூனிட்டி காலேஜ்" என்று ஒரு வகைக் கல்லூரி உண்டு. சமுதாயக் கல்லூரி என்று சொல்லலாம். நாடு முழுவதும் இப்படி ஆயிரம் கல்லூரிகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. அரசாங்கம் நடத்தும் இரண்டு வருடக் கல்லூரிகளில் மிகப் பழையது, இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் உள்ளது. 1901-ல் தொடங்கியது.

அங்கே படிப்பு இரண்டு வருடம். சம்பளம் குறைவு. வீட்டில் இருந்தே போய் வரலாம். மார்க்கு குறைந்தவர் என்று யாரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதில்லை.

அதனால், வகுப்பில் 18 வயதுப் பெண் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் அவள் தாயார் வயதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பகலில் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் புத்தகத்தோடு வருகிறவர்கள் உண்டு. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிற தாய்மார்களும் உண்டு. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களும் உண்டு.

கிரேக் வெண்டர் என்ற விஞ்ஞானியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். மனித உடலின் மரபு எழுத்துக்களைப் படித்து முடித்ததாக 2000-ம் ஆண்டு வெள்ளை மாளிகையில் அறிவித்தார்களே, அந்த மேடையில் நின்றவர். பள்ளிக்கூடத்தில் அவர் மக்கு மாணவர்! வியட்னாம் யுத்தத்தில் கடற்படை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். திரும்பி வந்து முதலில் சேர்ந்தது, கலிபோர்னியாவில் சான் மேட்டியோ என்ற ஊரில் உள்ள இரண்டு வருடக் கல்லூரியில்தான்.

எல்லோரும் வெண்டர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் தேடி வருவது ஒரு நல்ல உத்தியோகத்தை. அவற்றில் முக்கியமானது, நர்ஸ் உத்தியோகம்.

நர்ஸ் பஞ்சம்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் நர்சுகளுக்குப் பெரும் பஞ்சம். ஆஸ்பத்திரிகள் பெருகின, நர்சுகள் போதவில்லை.

அப்போது மில்ட்ரெட் மான்டாக் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். "இரண்டு வருடக் கல்லூரிகளிலேயே நர்ஸ் படிப்பு நடத்தலாம்" என்றார். 1952-ல் சோதனை தொடங்கியது. வெற்றி கண்டது. பிறகு நாடெங்கும் பரவியது.

நான்கு வருடம் படித்தவரும், இரண்டு வருடம் படித்தவரும் உரிமம் பெற ஒரே பரீட்சைதான் எழுத வேண்டும்.

இதனால் பெரிய பொறுப்பு வந்து விழுந்தது, அந்தக் கல்லூரிகளின் உயிரியல் ஆசிரியர்கள் தலையில். நர்ஸ் ஆக வேண்டுமானால், முதலில் அவர்களுடைய வகுப்பைத் தாண்ட வேண்டும். உடற்கூறு படிக்க வேண்டும். உடல் வேலை செய்யும் விதம் படிக்க வேண்டும். கிருமிகளைப் பற்றிப் படிக்க வேண்டும். நர்ஸ் படிப்புக்கு இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். உயிரியலில் மார்க்கு குறைந்தால் இடம் கிடைப்பது கஷ்டம்.

மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு, அந்த மார்க்கு வெறும் மார்க்கு அல்ல. வீட்டு வாடகை. பிள்ளைகளின் படிப்பு. அவள் பரீட்சைத் தாளைத் திருத்துகிற ஆசிரியருக்கும் அது தெரியும். அதற்காக மார்க்கைக் கூட்டிப் போடவும் முடியாது. நாளைக்கு ஒரு நோயாளியின் உயிர் அவள் கையில் அல்லவா இருக்கப் போகிறது!

மணி அடித்தால் நகரு!

உயிரியல் பரீட்சை எப்படி நடக்கும் தெரியுமா? காகிதத்தில் எழுதுவது ஒரு பாதி. மறு பாதிதான் வேடிக்கை.

ஒரு பெரிய அறை. சுற்றிலும் மேஜைகள். ஒரு மேஜையில் மனித எலும்பு. அடுத்ததில் ஆட்டு இருதயம். இன்னொன்றில் மாட்டுக் கண். அடுத்ததில் பூதக்கண்ணாடி, அதன் அடியில் ஒரு சொட்டு ரத்தம். பாடம் செய்த பூனை உடலும் பல கல்லூரிகளில் உண்டு. (நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால், பூனையின் தசைகள் பலவும் மனிதத் தசைகளை ஒத்திருக்கின்றன.)

ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். "ஊசி குத்திய இடத்தின் பெயர் என்ன? அதன் வேலை என்ன?" இதுதான் கேள்வி.

ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் அல்லது இரண்டு நிமிஷம்தான் நிற்கலாம். மணி அடிக்கும். அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். திரும்பி வர முடியாது!

மனித உடலில் எலும்பு மட்டும் 206. அதில் மேடு, பள்ளம், ஓட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர். அத்தனையும் மனப்பாடம். இரவெல்லாம் கண் விழித்து, கையில் சிறு சீட்டுகளை வைத்துக்கொண்டு முணுமுணுப்பார்கள்.

ஊசி எங்கே போடுவது?

"இவ்வளவு பெயரும் எதற்கு? நோயாளியைப் பார்த்துக்கொள்ள இது தேவையா?"

உடற்கூறு படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவையாவது இப்படி அலுத்துக்கொள்வார்கள். நியாயமான கேள்விதான்.

ஊசி போடுவதையே எடுத்துக்கொள்வோம். பிட்டத்தில் ஊசி போட்டால், மேல்புறத்தில், வெளிப்பக்கமாகப் போடுவார்கள். கவனித்திருப்பீர்கள். அது ஏன்?

பிட்டத்தின் வழியாக ஒரு நரம்பு காலுக்கு இறங்குகிறது. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான். ஏறக்குறைய கட்டைவிரல் பருமன். ஊசி அதில் பட்டுவிட்டால் கால் மரத்துப் போகலாம். நடையே கெட்டுப் போகலாம். அந்த நரம்பு ஓடும் பாதையைத் தெரிந்தவர் கை தவறாது. இப்போது, பிட்டத்தை விட இடுப்பின் பக்கவாட்டில் போடுவதே நல்லது என்று நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். காரணம் அதே நரம்புதான்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் நோயாளி எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று நர்ஸ் அளந்து எழுதுகிறார். எதற்கு? நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்தில் இருந்து வடிகட்டுகின்றன. அதில் 178 லிட்டருக்கு மேல் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது! வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்தான். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு, அளவு குறைந்ததுமே ஆபத்து புரியும். உடனே டாக்டரைக் கூப்பிடுவார்.

பாடத்தையும் கட்டிலையும் இப்படி முடிச்சுப் போட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல, ஆசிரியருக்கு நோயாளியின் கட்டில் தெரிய வேண்டும்.

மரீப் அம்மையாரை மாணவி ஆக்கியது இதுதான்.

பகலில் ஆசிரியை

அவர் 1969-ல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஹோலியோக் கல்லூரியின் உயிரியல் பிரிவில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியும் அடிபட்டு எழுந்ததுதான். 1946-ல் தொடங்கியது. 1968 ஜனவரியில் தீப்பிடித்துக் கட்டிடமே போய்விட்டது! ஊரில் கிடைத்த இடங்களில் எல்லாம் வகுப்பு நடத்திச் சமாளித்தார்கள். பிறகுதான் புதுக் கட்டிடங்கள் வந்தன.

மரீப் அம்மையாரின் மாணவிகளில் பலர் நர்ஸ் படிப்புக்குப் போகிறவர்கள். உடம்பைப் பற்றித் தான் சொல்லிக்கொடுப்பது, நோயாளி அருகில் எப்படிப் பயன்படுகிறது என்று அவர் அறிய விரும்பினார். புத்தகத்தில் தேடவில்லை. நர்ஸ் படிப்பிலேயே சேர்ந்துவிட்டார்.

ஆசிரியை வேலையை விடவில்லை. முழு நேரமும் பாடம் நடத்திக்கொண்டே படித்தார். 1980-ல் தேறினார். அதோடு நிற்கவில்லை. நர்சிங்கில் அடுத்த பட்டம் வாங்கினார். 1985-ல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். பட்டமும் பெற்றார். முதியோரைப் பராமரிப்பது அவருடைய சிறப்புப் பாடம்.

தான் கற்றதை எழுதவும் செய்தார். 1989-ல் "மனித உடற்கூறும் உடலியலும்" என்ற அவருடைய பெரிய புத்தகம் வெளிவந்தது. தலையணை அளவு! ஆனால், படிக்க எளிது. உடம்பில் ஓர் உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று சொன்ன கையோடு, அது கெட்டால் என்ன நோய் வரும் என்பதையும் சொல்லுவார். அதற்குப் பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. 30 லட்சம் பேருக்கு மேல் அவருடைய புத்தகங்களைப் படித்து மருத்துவத் துறை வேலைகளுக்குப் போயிருப்பதாகப் பதிப்பகத்தார் சொல்லுகிறார்கள்.

பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மேதைகள் இருக்கிறார்கள். இரண்டு வருடக் கல்லூரி ஆசிரியை ஒருவர் எழுதிய புத்தகம் இப்படி ஓடியது!

காரே அலுவலகம்

எல்லா ஆசிரியருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நிரந்தர ஆசிரியர்கள் அல்லர். பகுதி நேர ஆசிரியர்கள். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த பருவத்தில் வகுப்பு உண்டா, இல்லையா என்பது நிச்சயம் இல்லை. பலருக்குக் கல்லூரியில் தனி அறை கிடையாது. அங்கே மருத்துவச் செலவு மலை போன்றது. அதற்கான காப்புறுதியும் பலருக்கு இல்லை.

ஒரு கல்லூரியில் கிடைப்பது போதாது. ஆகவே, காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று காரில் ஓடுவார்கள். கலிபோர்னியாவில் இவர்களுக்கு "ஃபிரீவே ஃபிளையர்" என்று பெயர். நெடுஞ்சாலையில் பறப்பவர்கள் என்று அர்த்தம். காரின் பின் சீட்டில் எலும்பு மாதிரிகளும் பரீட்சைத் தாள்களும் கிடக்கும்.

எலும்பின் பெயர் தெரியாமல் விழிக்கும் மாணவியை, வகுப்பு முடிந்த பிறகும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள் இவர்களில் பலர். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. உலகத்திலேயே பணக்கார நாடு. ஆசிரியருக்கு இந்தக் கதி! நமக்கே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

புத்தகப் பணம்

மரீப் அம்மையாருக்குப் புத்தகத்தால் பணம் குவிந்தது. அதை அவர் கல்விக்கே திருப்பி விட்டார். ஹோலியோக் கல்லூரியின் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தார். நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பரிசு வைத்தார். அவர் படித்த மற்றக் கல்லூரிகளுக்கும் உதவினார். நர்சிங் ஆசிரியர்களுக்கு நாட்டில் தட்டுப்பாடு என்று அறிந்து, அந்த வேலைக்குத் தயாராகிறவர்கள் படிப்பதற்கும் பணம் கொடுத்தார்.

2000-ம் ஆண்டு மே மாதம், ஹோலியோக் கல்லூரியின் விஞ்ஞானக் கட்டிடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

2018-ல் அவர் காலமானார். அதற்குப் பிறகும் அவருடைய அறக்கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தது. 2021-ல் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரிக்கு 2 கோடியே 15 லட்சம் டாலர் வழங்கியது. 1985-ல் டாக்டர் பட்டத்தோடு வந்து, மாணவியாக உட்கார்ந்து, அவர் எம்.எஸ். வாங்கினாரே, அதே இடம். இப்போது அதன் பெயர், "எலைன் மரீப் நர்சிங் கல்லூரி."