நெடுநேரப் பிரசவமும் அதன் பூர்வ காரணங்களும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் நாட்டு வழக்கு. அம்மறுபிறப்புச் சிலர்க்கு எளிதாயும், சிலர்க்கு இரவும் பகலும் கழிந்த பின்னும் கைகூடாததாயும் இருப்பதன் காரணம் யாது? விதியென்பாரும், கர்ப்பிணியின் சோம்பலென்பாரும் உளர். வைத்திய சாஸ்திரம் கூறும் விடையை ஈண்டுச் சுருக்கமாய் ஆராய்வோம்.

கருப்பையின் வாய் 5 சென்டிமீட்டர் விரிந்தது முதல் முற்றும் விரியுமளவும், தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்துக்கும், பின்வரும் பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கும் பெரும்பாலும் மேற்படுவதில்லை என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2018-ல் வரையறுத்தது. இவ்வெல்லை கடந்து நீளுமாயின் தாய்க்கு உதிரப்பெருக்கும், சிசுவுக்கு மூச்சுத் திணறலும் நேரக்கூடும். தக்க உதவியின்றி நாட்கணக்கில் நீளுமிடத்து, சிசுவின் தலை அழுத்துவதால் மூத்திரப்பையில் துவாரம் விழுந்து, இடைவிடாது நீர் ஒழுகும் துன்பத்துக்குத் தாய் ஆளாவதும் உண்டு.

பிரசவத்தின் கதி மூன்றைப் பொறுத்தது: கருப்பை சுருங்கும் வலிமை, இடுப்பெலும்பு வளையத்தின் அகலம், சிசுவின் பருமனும் கிடையும். தாயின் முன்வாழ்க்கை இம்மூன்றையுமே தொடுகின்றது. மிக இளம் பிராயத்தில் இடுப்பெலும்பு முதிர்ந்திராது. உயரம் வளர்தல் நின்ற பின்னும் அது சிலகாலம் விரிந்துகொண்டேயிருக்கும். பிராயம் மிக ஏறியவிடத்தும், உடற்பருமன் மிகுந்தவிடத்தும் கருப்பையின் தொழில் தளர்வதுண்டு. நீரிழிவுடைய தாயின் சிசு பருத்து வளர்தல் கூடும். இளமையில் ஊட்டமின்றி உயரம் குன்றியவர்க்கு இடுப்பு வளையமும் குறுகியிருத்தல் கூடும்.

இதற்குத் தக்கதொரு சான்று காசுமீரத்தினின்று கிடைக்கின்றது. ஆங்கு வைத்தியம் புரிந்த காதலீன் வாகன் என்னும் மாது, பர்தாவுள் அடைபட்டு வாழ்ந்த பெண்டிர் பிரசவத்தில் பெரிதும் வருந்துவதையும், வெயிலில் உழைத்த படகுக்காரப் பெண்டிர் எளிதில் ஈனுவதையும் கண்டார். சூரியவொளி படாத சரீரத்தில் வைட்டமின் டி குறையும். அது குறைய, எலும்பில் சுண்ணாம்புச் சத்துச் சேராது. மென்மையுற்ற இடுப்பெலும்பு உடலின் பாரத்தால் உருக்குலைந்து வழியைக் குறுக்கும். இதனை அவர் 1928-ல் நூலாக வெளியிட்டார். செல்வமும் பணிவிடையும் அளிக்கமாட்டாத நலத்தை வெயில் அளித்தமை கருதத்தக்கது.

மனநிலையும் ஒரு காரணமாம். பிரசவத்துக்கு மிக அஞ்சிய பெண்டிர்க்கு அது சராசரி 47 நிமிஷம் நீண்டதென, பிற காரணங்களை நீக்கிக் கணித்த நார்வே நாட்டு ஆராய்ச்சியொன்று 2012-ல் காட்டிற்று. இடைவிடாது உடனிருந்து தேற்றுவார் ஒருவர் இருப்பின் பிரசவநேரம் குறைகின்றதென்பதும் ஆராய்ச்சிகளால் தெளிந்த உண்மை.

இவையெல்லாம் சார்புக் காரணங்களேயன்றி முடிந்த முடிபல்ல. குள்ளமான தாய் சுகமாய்ப் பெறுவதும், திடகாத்திரமுள்ளவர் வருந்துவதும் உண்டு. ஆதலின், முன்னரே அளந்தறிதலோடு, வலி தொடங்கிய பின் மணிதோறும் கவனித்து வருதலும் இன்றியமையாதது.

நம் நாட்டுச் சட்டம் பெண்ணின் விவாகப் பிராயத்தை 1929-ல் 14 எனவும், 1978-ல் 18 எனவும் வரையறுத்தது. எனினும் சட்டம் மாத்திரம் எலும்பை வளர்க்கமாட்டாது. தமையனுக்கு இட்ட பாலும் முட்டையும் தங்கைக்கும் இடப்படல் வேண்டும். அவளும் வெயிலில் ஓடி விளையாடல் வேண்டும். பிரசவ அறையில் தோன்றும் இடர் பலவற்றிற்கு வித்து, பல்லாண்டு முன்னரே அடுக்களையில் ஊன்றப்படுகின்றது. இதனை அறிந்தோர் வருந்தும் தாயைப் பழியார். தம் இல்லத்துச் சிறுமியின் இலையையே முதலில் நோக்குவர்.