ரத்தத்தை நிறுத்தும் இறால் ஓடு

கேரளத்தில் அரூர், சேர்த்தலை பகுதிகளில் இறால் உரிக்கும் கொட்டகைகள் ஏராளம். பெண்கள் வரிசையாக நின்று தலையைக் கிள்ளி, ஓட்டை உரிக்கின்றனர். சதை ஐசில் உறைந்து வெளிநாடு போகிறது. தலையும் ஓடும் கழிவு. இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி இப்படிக் கழிந்துவிடும். அதைக் குழியில் கொட்டி மூடுவார்கள், காயலிலும் வீசுவார்கள். நாற்றம்தான் மிச்சம்.

அதே ஓட்டிலிருந்துதான் பீறிடும் ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி தயாராகிறது.

ஓட்டில் என்ன இருக்கிறது?

இறால் ஓட்டில் சுண்ணாம்பு, புரதம், கைட்டின் ஆகியவை உள்ளன. கைட்டினை 1811-ம் ஆண்டில் காளானில் முதலில் கண்டறிந்தவர் ஹென்றி பிராக்கோனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. நண்டு, இறால் ஓடுகளுக்கு உறுதி தருவதும் இதுவே.

ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்துவிடும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதம் பிரிந்துவிடும். எஞ்சிய கைட்டினை, அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான் என்ற பொருள் கிடைக்கும். கைட்டின் காடியில் கரையாது, கைட்டோசான் கரையும். கரைந்தால்தான் அதைப் பஞ்சு போலவோ மெல்லிய ஏடாகவோ செய்ய முடியும். 1957-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இதற்கான செய்முறையை வகுத்துத் தொழிற்சாலைகளுக்கு அளித்தது.

ரத்தம் நிற்பது எப்படி?

கைட்டோசானுக்கு நேர் மின்னூட்டம் உண்டு. ரத்தச் சிவப்பணுக்களின் மேற்புறத்தில் இருப்பது எதிர் மின்னூட்டம். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டுவது போல, சிவப்பணுக்கள் கட்டுத்துணியில் ஒட்டிக் குவிகின்றன. அந்தக் குவியல் பிசின் போலாகிக் காயத்தை அடைக்கிறது.

சாலை விபத்திலும் பட்டறை இயந்திரத்திலும் அடிபட்டவர்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் ரத்தம் வடிந்தே இறந்துபோவதுண்டு. பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களே அவகாசம். அந்த நிமிடங்களுக்கான சாதனம் இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவான இத்தகைய கட்டுத்துணியை, அந்நாட்டு ராணுவம் 2003 முதல் போர்முனையில் பயன்படுத்தியது. நம் நாட்டிலும் 2008-ல் ஆமதாபாத்தில் தொடங்கப்பட்ட ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் நிறுவனம் 'ஆக்ஸியோஸ்டாட்' என்ற பெயரில் கைட்டோசான் கட்டுத்துணியைத் தயாரித்தது.

காயத்தின் மேல் இதைச் சும்மா வைத்தால் போதாது. சில நிமிடங்கள் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இது முதலுதவி மட்டுமே. டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ கசியும் ரத்தத்துக்கு இது உதவாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் தயாரிப்பின்போதே நீக்கப்படுகிறது. எனினும் இறால், நண்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

கொட்டகையில் கவனம் தேவை

மருத்துவத்துக்கு ஏற்ற கைட்டோசானில் புரதமோ, நச்சு உலோகமோ, கிருமிக் கழிவோ தங்கக் கூடாது. இங்கேதான் சிக்கல். வெயிலில் குவித்த ஓடு சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும்; கைட்டினும் சிதையும். சிதைந்த சரக்கை எந்த ஆலையும் சீராக்கிவிட முடியாது. ஆலையிலிருந்து வெளியேறும் அமில நீரையும் கார நீரையும் சுத்திகரிக்காவிட்டால், காயலுக்குப் பழைய கேடே திரும்பிவிடும்.

ஆகவே கட்டுத்துணியின் தரம் உரிக்கும் பெண்களின் கையிலேயே தொடங்குகிறது. உரித்த ஓட்டை உடனே கழுவி, ஐசிலிட்டுக் காக்க வேண்டும். உரித்த இறாலின் அளவுக்கே அவர்களுக்குக் கூலி என்றால், ஓட்டைக் கவனிக்க நேரம் ஏது? ஓட்டுக்கும் ஒரு விலை வைத்து, அதில் ஒரு பங்கை அவர்களுக்குத் தருவதே முறை. உயிர் காக்கும் பொருளுக்கு அந்தச் செலவு அதிகமல்ல.