கைமுறைத் தோட்டா நிரப்பல்

கைமுறைத் தோட்டா நிரப்பல் என்பது உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புகளையும் தனித்தனியாகப் பெற்று, சுடுபவரே அவற்றை இணைத்துத் தோட்டா உருவாக்கும் முறையாகும். ஒருமுறை சுட்ட பித்தளை உறை திரும்பவும் பயன்படுவதால் இது மறுநிரப்பல் எனவும் அழைக்கப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்களிடையே இது நீண்டகாலமாக வழக்கத்தில் உள்ளது. செலவைக் குறைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. குறிப்பிட்ட ஒரு ரைபிளுக்கு மிகவும் பொருந்தும் தோட்டாவைக் கண்டறிவது மற்றொன்று. இக்கட்டுரையில் 1906 ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்டு, பின்னர் வேட்டையிலும் பரவிய .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் முகாமிலேயே தோட்டாக்களை நிரப்பிக்கொண்டனர். அதற்கான கருவிகளை விற்க 1884 இல் ஜான் பார்லோ ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் பிரான்சில் பால் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். கரிய வெடிமருந்தைவிட இது பன்மடங்கு ஆற்றல் கொண்டது. எனவே உறை நிறையும் வரை கொட்டி நிரப்பும் பழைய பழக்கம் ஆபத்தானதாக மாறியது. எடை பார்த்து நிரப்புவது கட்டாயமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய இராணுவ வெடிமருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியதும் இக்கலை மேலும் பரவியது.

உறுப்புகள்

* உறை: பித்தளையால் ஆனது. சுடும்போது விரிந்து வெடியறையின் சுவரோடு ஒட்டி, வளிமம் பின்னால் கசியாமல் தடுக்கிறது.
* பிரைமர்: உறையின் அடியில் பொருத்தப்படும் சிறு கிண்ணம். சுடுமுனை தட்டியதும் தீப்பொறி எழுப்புகிறது.
* வெடிமருந்து: இதன் எடை கிரெய்ன் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம், 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு.
* குண்டு: .30-06 வகையில் இதன் விட்டம் 7.82 மில்லிமீட்டர். 180 கிரெய்ன் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 11.7 கிராம், அது நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும்.

செய்முறை

சுட்ட உறைகள் முதலில் சுத்தம் செய்யப்பட்டு, விரிசல் உள்ளதா எனச் சோதிக்கப்படுகின்றன. பின்னர் எஃகு அச்சு ஒன்றினுள் அழுத்தப்பட்டு உரிய அளவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. பழைய பிரைமரும் அப்போதே வெளியேற்றப்படுகிறது. சுடும்தோறும் உறை நீள்வதால், மிகுந்த நீளம் வெட்டிச் சீராக்கப்படுகிறது. அடுத்து புதிய பிரைமர் பொருத்தப்பட்டு, நிறுத்த வெடிமருந்து இடப்பட்டு, இறுதியில் குண்டு உறையின் கழுத்தில் அமர்த்தப்படுகிறது.

துல்லியத்தை எட்டுதல்

ஒரே ஆலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே விதமாகச் சுடுவதில்லை. வெடியறையின் அளவும் குழலின் உட்புறமும் சிறிது வேறுபடுவதே காரணம். ஆகவே ஒருவருக்குச் சிறப்பாக அமைந்த நிரப்பல் மற்றவருக்கும் அவ்வாறே அமையும் எனக் கொள்ள முடியாது.

முதலில் வேட்டைக்கு ஏற்ற குண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது. குழலின் புரி அதனைச் சுழற்றிப் பறக்க வைக்கிறது. குண்டு நீளமாக இருக்குமளவுக்குப் புரி நெருக்கமாக அமைய வேண்டும். இத்தொடர்பைக் கணிக்கும் எளிய சூத்திரத்தை 1879 இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்தார். அடுத்து வெடிமருந்து வகை தேர்ந்தெடுக்கப்பட்டு, அச்சிட்ட நிரப்பல் கையேட்டில் கண்ட தொடக்க அளவிலிருந்து சிறுசிறு படிகளாக உயர்த்தப்படுகிறது. கடைசியாக, குண்டு எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும் என்பது சோதிக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றுவதே முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால், பலன் எதனால் வந்தது என்று அறிய இயலாது.

தொகுப்பை அளவிடல்

ஒரே இலக்கில் சுட்ட துளைகளின் கூட்டம் தொகுப்பு எனப்படும். மிகத் தொலைவில் உள்ள இரு துளைகளின் இடைவெளியே அதன் அளவு. இது கோண நிமிடத்தில் கூறப்படுகிறது. 100 மீட்டரில் ஒரு கோண நிமிடம் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர்.

இங்குதான் பலரும் தவறுகின்றனர். மூன்று முறை சுட்டு, சிறிய தொகுப்பு ஒன்று கிடைத்ததும் அதுவே சிறந்த நிரப்பல் என முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் சுடும் எண்ணிக்கை கூடக்கூடத் தொகுப்பும் விரியும். எதையும் மாற்றாமல் அதே ரைபிளில் அதே தோட்டாவைச் சுட்டாலும், பத்துத் துளைத் தொகுப்பு சராசரியாக மூன்று துளைத் தொகுப்பைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு இருக்கும். அதோடு மூன்று துளைத் தொகுப்புகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். ஆகவே இரண்டு நிரப்பல்களுக்கு இடையே தெரியும் சிறு வேறுபாடு வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். தேர்ந்த நிரப்பலை வேறு நாட்களிலும் திரும்பச் சுட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அழுத்தமும் பாதுகாப்பும்

அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி 1926 இல் நிறுவப்பட்டது. .30-06 தோட்டாவுக்கு அது வகுத்த உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இதனை மீறினால் உறை கிழியலாம். ரைபிளே உடைந்து சுடுபவரின் கண்ணையும் கையையும் பறிக்கலாம்.

போல்ட்டைத் தூக்குவது கடினமாதல், பிரைமர் தட்டையாதல், உறையின் அடியில் பளபளப்பான தழும்பு விழுதல் ஆகியவை மிகை அழுத்தத்தின் அறிகுறிகள். எனினும் இவை தெரியும் முன்பே அழுத்தம் எல்லையைக் கடந்திருக்கக்கூடும். ஆகையால் கையேட்டின் உச்ச அளவு மீறக்கூடாத வரம்பாகக் கருதப்படுகிறது. உச்ச அளவுக்கு அருகில் உள்ள நிரப்பலில் குண்டையோ பிரைமரையோ மாற்றினால், மீண்டும் தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகை வெடிமருந்து மட்டும் இருப்பது, எல்லா உறைகளிலும் மருந்தின் மட்டத்தை விளக்கொளியில் பார்ப்பது, வேலை முடிந்ததும் ஈயம் பட்ட கைகளைக் கழுவுவது ஆகியவை அடிப்படை விதிகள்.

வேட்டையில் இதன் பொருள்

மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுடையது. ஒரு கோண நிமிடத் தொகுப்புத் தரும் ரைபிள் 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டருக்குள் சுடும். அதனை 0.7 கோண நிமிடமாகக் குறைத்தால் மிச்சமாவது 2.6 சென்டிமீட்டர் மட்டுமே. காற்றைத் தவறாகக் கணிப்பதாலும், தூரத்தைப் பிழையாக மதிப்பிடுவதாலும், மூச்சு வாங்கும்போது சுடுவதாலும் ஏற்படும் பிழை இதைவிடப் பெரிது.

குண்டு விலங்கின் உடலில் எவ்வாறு செயல்படுகிறது என்பதும் துல்லியத்துக்கு இணையானது. 1946 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டையின்போது, ஜான் நாஸ்லர் சுட்ட குண்டுகள் ஆழமாகச் செல்லாமல் சிதைந்தன. இதன் விளைவாக, நடுவில் தடுப்புச் சுவர் கொண்ட குண்டை அவர் வடிவமைத்தார். முன்பகுதி விரிந்தாலும் பின்பகுதி சிதையாமல் ஊடுருவும். இலக்குத்தாளில் அழகாகத் தொகுக்கும் குண்டு, காயப்பட்ட விலங்கை நெடுநேரம் துடிக்க விடுமானால் அது வேட்டைக்கு உகந்ததன்று.

ஈயமும் செம்பும்

ஈயக் குண்டின் துகள்கள் இறைச்சியிலும், காட்டில் விடப்படும் குடலிலும் எஞ்சுகின்றன. அவற்றை உண்ணும் கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் ஈய நச்சால் இறக்கின்றன. 1987 இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டபோது உலகில் 27 காண்டோர்களே இருந்தன; காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்து மீண்டும் விடப்பட்ட பின்னரும் ஈயமே அவற்றின் முதன்மை எதிரியாக உள்ளது. கலிபோர்னியா மாநிலம் 2013 இல் இயற்றிய சட்டத்தின்படி, 2019 சூலை 1 முதல் அங்கு வேட்டையில் ஈயக் குண்டுகள் முற்றிலும் தடை செய்யப்பட்டன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும், உறையினுள் கூடுதல் இடத்தையும் பிடிக்கும். ஆகவே ஈயக் குண்டுக்கு உருவாக்கிய நிரப்பலை அப்படியே பயன்படுத்தாமல், அதற்குரிய கையேட்டின்படி புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது.

சட்ட நிலை

அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை; விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும்.