கடற்கரை நகரும் ஒரு நாட்டின் பாடலும்
(சான்ரெமோ பாட்டுப் போட்டி வரலாறு)

பாட்டுப் போட்டி கல்லூரி மாணவர்க்குப் புதிதன்று. ஆண்டு விழா நெருங்கும்போது மேடை அமைக்கிறோம். நடுவர் மூவரை அமர்த்துகிறோம். மதிப்பெண் இட்டுப் பரிசு வழங்குகிறோம். பரிசு பெற்றவர் மகிழ்வர்; பெறாதவர் நடுவரைக் குறை கூறுவர். இவை காலங்காலமாக நிகழ்பவையே. ஆயின், ஒரு நாடே கூடியிருந்து கேட்கும் பாட்டுப் போட்டியில் இத்தகைய தீர்ப்பு வழங்கப்பட்டால் அதன் விளைவு யாதாகும்? ஒரு நாட்டின் பாடல் எது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? நடுவர்க்கா, மக்களுக்கா, காலத்திற்கா? இவ்வினாக்களுக்கு விடை காண, இத்தாலி நாட்டுச் சான்ரெமோ நகரில் 1951 முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் பாட்டுப் போட்டியின் வரலாறு துணைபுரியும். அதனை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

ஊரும் பேரும்

சான்ரெமோ, இத்தாலியின் வடமேற்கே லிகூரியா மாநிலத்தில், பிரான்சு நாட்டு எல்லைக்கு அருகே அமைந்த கடற்கரை நகரம். பின்னால் மலையும் முன்னால் நடுநிலக் கடலும் இருத்தலால் குளிர்காலத்திலும் அங்குக் குளிர் கடுமையாக இராது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் குளிர்காலத்தைக் கழிக்க அங்குச் சென்றனர். நோபல் பரிசை நிறுவிய ஆல்பிரட் நோபல் 1896இல் மறைந்தது இவ்வூரில்தான். இதமான வெயிலால் பூச்சாகுபடி வளர்ந்தது; 'மலர் நகரம்' என்னும் பெயரும் ஊருக்கு வாய்த்தது.

கிலாபத் இயக்க வரலாற்றைக் கற்றோர்க்கு இவ்வூர்ப் பெயர் வேறு வகையில் அறிமுகமாகியிருக்கும். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் முதல் உலகப் போரில் வென்ற வல்லரசுகள் கூடி, உதுமானியப் பேரரசின் அரபுப் பகுதிகளைப் பங்கிட்டது சான்ரெமோ மாநாட்டில்தான். சிரியாவும் லெபனானும் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பிலும், பாலத்தீனமும் ஈராக்கும் பிரிட்டனின் ஆட்சிப் பொறுப்பிலும் விடப்பட்டன. உதுமானியரின் கடைசிச் சுல்தான் ஆறாம் மெஹ்மத், நாடு துறந்து வாழ்ந்து 1926இல் உயிர் நீத்ததும் இவ்வூரிலேயே. அவரது உடல் திமிஷ்கு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஓர் அறையில் அமர்ந்த சிலர் பல நாட்டு மக்களின் விதியை முடிவு செய்த ஊர் இது. பின்னாளில் இதே ஊரில், ஓர் அரங்கில் அமர்ந்த சிலர் ஒரு நாட்டின் பாடலை முடிவு செய்யலாயினர்.

பூ வணிகரின் எண்ணம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி நொந்து கிடந்தது. சான்ரெமோவிற்கும் வருவார் இல்லை. இந்நிலையில் 1945இல் அவ்வூர்ப் பூ வணிகர் அமில்காரே ரம்பால்தி என்பார், இத்தாலியப் பாடலுக்கென ஒரு விழா எடுக்கலாம் என்னும் எண்ணத்தை முன்வைத்தார். அவ்வெண்ணம் அப்போதே நிறைவேறவில்லை. சில ஆண்டுகள் கழித்து நகரின் சூதாட்ட விடுதியை நடத்தியவரும் 'ராய்' என்னும் நாட்டு வானொலி நிறுவனத்தாரும் கூடி அதனைச் செயலாக்கினர். பிறந்த இடம் சூதாட்ட விடுதி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கு எழுந்த பாடலும் அதற்குக் கிடைத்த தீர்ப்புமே நம் ஆய்வுக்கு உரியவை.

1951 சனவரி 29 முதல் 31 வரை மூன்று இரவுகள் முதற்போட்டி நடந்தது. பாடல்கள் இருபது, பாடியவர்களோ நில்லா பிட்சி, அக்கீலே தொல்யானி, ஃபசானோ இரட்டைச் சகோதரியர் ஆகியோர் மட்டுமே. வந்தோர் மேசைகளைச் சுற்றி அமர்ந்து உணவருந்தியபடி கேட்டனர். போட்டி பாடகர்க்கன்று, பாடலுக்கே என்பது அந்நாளைய கொள்கை. நில்லா பிட்சி பாடிய 'மலர்களுக்கு நன்றி' என்னும் பொருள்படும் பாடல் முதலிடம் பெற்றது. மலர் நகரில் மலரைப் பற்றிய பாடலே முதலில் வென்றது பொருத்தமே.

அடுத்த ஆண்டு முதல் மூன்று இடங்களையும் நில்லா பிட்சியே பெற்றார். அவற்றுள் முதலிடம் பெற்றது, புறா ஒன்றைப் பறந்து செல்லுமாறு வேண்டும் காதற்பாடல். கேட்டோர் அதனைக் காதற்பாடலாக மட்டும் கொள்ளவில்லை. போருக்குப் பின் நேச நாட்டுப் படையினரின் ஆட்சியில் இருந்த திரியெஸ்தே நகரை எண்ணியே அப்புறா பறக்கிறது என்று உணர்ந்தனர். 1954இல் அந்நகர் மீண்டும் இத்தாலியோடு சேர்ந்தது. பாடல் ஒன்று நாட்டின் ஏக்கத்தைச் சுமக்கும் என்பதை இப்போட்டி தொடக்கத்திலேயே காட்டிற்று.

விரிந்த கைகள்

1955இல் போட்டி முதன்முறையாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. வீட்டில் பெட்டி இல்லாதோர் காப்பிக் கடைகளிலும் அண்டை வீடுகளிலும் கூடிக் கண்ட காலம் அது. மாநிலத்திற்கு ஒரு பேச்சு வழக்கு வழங்கிய அந்நாட்டில், ஒரே இரவில் ஒரே பாடலை அனைவரும் கேட்டது புதிய நிகழ்ச்சியாகும். ஐரோப்பிய நாடுகள் 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கிய 'யூரோவிஷன்' பாட்டுப் போட்டிக்கும் சான்ரெமோவே முன்மாதிரி.

1958இல் தொமெனிக்கோ மொதூன்யோ மேடையேறினார். கைகளை நெஞ்சோடு சேர்த்து அசையாது நின்று பாடுவதே அதுவரை இருந்த மரபு. அவரோ இரு கைகளையும் அகல விரித்துப் பாடினார். தன்னை நீல வண்ணத்தில் தீட்டிக்கொண்டு வானில் பறப்பதாக ஒருவன் காணும் கனவே அப்பாடலின் பொருள். 'வொலாரே' என்று உலகம் அழைக்கும் அப்பாடல் சான்ரெமோவில் முதலிடம் பெற்றது. யூரோவிஷனில் மூன்றாம் இடமே பெற்றது. ஆனால் 1959இல் அமெரிக்காவில் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளுள் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த பாடல் என்னும் இரண்டையும் வென்றது. வறுமை நீங்கித் தொழில் பெருகிவந்த இத்தாலி, அவ்விரிந்த கைகளில் தன் நம்பிக்கையைக் கண்டது எனலாம்.

1967ஆம் ஆண்டின் துயரம்

புகழ் வளர வளரப் போட்டியின் சுமையும் வளர்ந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் பெரும்பொருள் முதலீடு செய்தன. வெற்றி என்பது வணிகமாயிற்று. ஒரு பாடலை இருவர் தனித்தனியே பாடும் முறை அந்நாளில் இருந்தது. 1967இல் லூய்ஜி தெங்கோ என்னும் இளங்கவிஞர் தாமே இயற்றிய பாடலைப் பாட வந்தார். அதே பாடலைப் பாடிய மற்றொருவர் தாலிதா. கெய்ரோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து பிரான்சில் புகழ் பெற்றவர்.

பிறந்த மண்ணைவிட்டு நகரத்திற்குச் செல்லும் ஓர் உழவன் மகன் அங்குத் திசை தெரியாது நிற்பதே தெங்கோவின் பாடற்பொருள். தென்னகத்து ஏழை உழவர் இலட்சக்கணக்கில் வடக்கு நகர்த் தொழிற்சாலைகளை நாடிய காலம் அது. நாட்டின் மெய்யான துயரம் அப்பாடலில் இருந்தது. நடுவர் வாக்கில் அது இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. அன்றிரவே தெங்கோ தம் தங்கும் விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அகவை இருபத்தெட்டு. மறுநாளும் போட்டி நிற்காது நடந்தது.

ஒரு தீர்ப்பு ஓர் உயிரின் மதிப்பைக் குறிப்பதன்று. தெங்கோவின் உயிர் எந்தப் பாடலினும் பெரிது. அவர் வாழ்ந்திருந்தால் எத்தனையோ பாடல்கள் அவரிடமிருந்து பிறந்திருக்கும். தோல்வியால் மனம் உடைந்து நிற்கும் இளைஞரைத் தனியே விடாது அருகிருந்து தாங்குவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நண்பர்க்கும் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இதன்பின் நடந்ததும் ஈண்டுக் கருதத்தக்கது. போட்டிக்கு முதன்முதல் வித்திட்ட அதே ரம்பால்தி, 1972இல் சான்ரெமோவிலேயே தெங்கோவின் பெயரால் ஒரு கழகத்தை நிறுவினார். தாமே எழுதித் தாமே பாடும் கவிஞர்களுக்கு மதிப்பளித்தல் அதன் நோக்கம். 1974 முதல் அது விருதும் வழங்கிவருகிறது. தாம் விதைத்த மரத்தின் நிழல் சிலருக்கு எட்டவில்லை என்று கண்டபோது அவர் மற்றொரு மரம் நட்டார்.

தோற்றவை வாழ்ந்தன

வெற்றி பெறாத பாடல்கள் என்னாயின என்று பார்ப்போம். 1966இல் அத்ரியானோ செலெந்தானோ பாடிய பாடல் முதற்சுற்றிலேயே நீக்கப்பட்டது. மிலான் நகரப் புறத்தெருவில் வளர்ந்த சிறுவன் ஊர் விட்டுச் சென்று, பொருள் ஈட்டித் திரும்புகையில் புல்வெளி இருந்த இடமெல்லாம் கட்டடங்களைக் காண்பதே அதன் பொருள். இன்றும் இத்தாலியர் நெஞ்சில் நிற்கும் பாடல்களுள் அது ஒன்று.

1983இல் வாஸ்கோ ரோசி பாடிய பாடல் கடைசிக்கு முந்தைய இடத்தைப் பெற்றது. பின்னாளில் அவர் பெருந்திடல்களை நிரப்பும் பாடகரானார். அதே ஆண்டு தோத்தோ குதூன்யோ பாடிய 'இத்தாலியன்' என்னும் பாடல் ஐந்தாம் இடமே பெற்றது. இத்தாலியை உலகெங்கும் அறிமுகப்படுத்திய பாடல்களுள் அது முன்னிற்கிறது. 1995இல் பார்வையற்ற பாடகர் அந்திரேயா பொச்செல்லி பாடிய பாடல் நான்காம் இடம் பெற்றது. அடுத்த ஆண்டே ஆங்கில அடிகள் சேர்ந்து உலகை வலம் வந்தது. நடுவர் தீர்ப்பு ஓர் இரவுக்கு உரியது. மக்கள் தீர்ப்பு மெல்ல வருவது. இவ்வுண்மைக்கு இவை சான்றுகளாகும்.

முறைகளும் மாற்றங்களும்

1977இல் போட்டி சூதாட்ட விடுதியை விட்டு 'அரிஸ்தோன்' அரங்கிற்கு மாறிற்று. 1990இல் மட்டும் நகரின் புதிய பூச்சந்தைக் கட்டடத்தில் நடந்தது. 1980களில் இசைக்குழுவின்றிப் பதிவு செய்த இசைக்குப் பாடினர்; அதில் உயிரில்லை என்பதை உணர்ந்து 1990இல் இசைக்குழுவை மீட்டனர். 1984 முதல் புதியோர்க்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. அதன் முதல் வெற்றியாளர் எரோஸ் ராமசோத்தி; 1993இல் வென்றவர் லவ்ரா பவுசினி. இருவரும் பின்னர் உலகப் புகழ் எய்தினர். போட்டிக்கு வரும் பாடல் முன்பு வெளிவராததாக இருத்தல் வேண்டும் என்பது இன்றளவும் விதி. 2024 திசம்பரில் லிகூரியா நிருவாக நீதிமன்றம், விழாவை ஒப்பந்தப் போட்டியின்றி நேரடியாக ஒரே நிறுவனத்திற்கு அளித்தல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. விழா யாருடையது என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றுள்ளது.

யாருடைய குரல்?

2019ஆம் ஆண்டுப் போட்டி இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் மஹ்மூத். தந்தை எகிப்தியர், தாய் சார்தீனியத் தீவினர், பிறந்து வளர்ந்தது மிலானில். தன்னை விட்டுச் சென்ற தந்தையை நோக்கி மகன் பேசுவதாக அமைந்த அப்பாடலின் தலைப்பு 'பணம்' எனப் பொருள்படும். சிறுவயதில் தந்தை பேசிய அரபு மொழித் தொடர் ஒன்றும், ரமலான் திங்களைப் பற்றிய குறிப்பும் அதில் உள்ளன.

தொலைபேசி வழி மக்கள் அளித்த வாக்கில் முந்தியவர் உல்திமோ என்னும் மற்றொரு பாடகர். பத்திரிகையாளரும் சிறப்பு நடுவரும் அளித்த வாக்குகள் சேர்ந்தபோது மஹ்மூத் வென்றார். உடனே அரசியலார் சிலர் இத்தேர்வைக் குறை கூறினர். இத்தாலியப் பாடற்போட்டியில் வென்றது இத்தாலியப் பாடல்தானா என்று கேட்டோரும் உளர். தாம் முழுமையாக இத்தாலியரே என்று மஹ்மூத் அமைதியாக விடையிறுத்தார். பின் யூரோவிஷனில் இரண்டாம் இடம் பெற்றார். 2022இல் பிளாங்கோ என்னும் இளைஞரோடு இணைந்து சான்ரெமோவில் மீண்டும் வென்றார்.

இங்கு ஒன்றை நடுநிலையோடு கூறவேண்டும். நடுவரின் வாக்கு மக்கள் வாக்கை மிஞ்சலாமா என்னும் கேள்வி நியாயமானதே. அதனை முறை பற்றிய கேள்வியாகக் கேட்பது தக்கது. ஆனால் பெயரைக் கண்டு ஒருவனை அயலான் என்பது வேறு. ஒரு காலத்தில் கெய்ரோவில் பிறந்த தாலிதாவை அம்மேடை தன் மகளாக ஏற்றது. மிலானில் பிறந்த மஹ்மூதை ஏற்கத் தயங்கியோரின் அளவுகோல் யாது என்பது சிந்திக்கத்தக்கது.

நிறைவாக

சான்ரெமோ மாநாட்டில் சிலர் கோடு கிழித்தனர். அக்கோடுகளுக்குள் வாழும் மக்களை ஒருவரும் கேட்கவில்லை. சான்ரெமோ பாட்டரங்கிலும் சிலர் தீர்ப்பெழுதினர். ஆனால் இங்கு மக்கள் பின்னர்த் தம் தீர்ப்பை எழுத முடிந்தது. நீக்கப்பட்ட பாடல்களை அவர்கள் வீட்டிலும் வயலிலும் தொழிற்கூடத்திலும் பாடி வாழவைத்தனர். எத்துணைச் சிறந்த நடுவரும் ஓர் இரவின் செவிகொண்டே கேட்கின்றார். மக்களோ தலைமுறைகளின் செவிகொண்டு கேட்கின்றனர்.

நம் மேடைகளில் பரிசு பெறும் மாணவர் இதனை எண்ணிச் செருக்கின்றி இருப்பாராக. பரிசு பெறாத மாணவர், முதற்சுற்றிலேயே நீக்கப்பட்ட அந்தச் சிறுவன் பாடலை நினைந்து ஊக்கம் கொள்வாராக. நடுவராய் அமரும் நாமோ, பாடுவோன் பெயரையும் குலத்தையும் மறந்து பாடலை மட்டும் கேட்கக் கற்போமாக.