பழைய அறுவடை வண்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

நமது சங்க உறுப்பினர்களில் கடையை மட்டும் நம்பி இருப்பவர்கள் குறைவு. நெல் மண்டி, உரக்கடை, மளிகை என்று எந்த வியாபாரம் செய்தாலும், காவிரிப் பாசனப் பகுதியில் நாலு ஏக்கரோ ஆறு ஏக்கரோ குடும்ப நிலம் பலருக்கும் இருக்கிறது. அறுவடைக் காலம் வந்துவிட்டால் உடம்பு கல்லாவில் இருந்தாலும் மனம் வயலில்தான் இருக்கும். அறுக்க ஆள் கிடைக்காது. வாடகை வண்டி இன்று வரும், நாளை வரும் என்பார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சமயம் பார்த்துத் தரகர் ஒருவர் வந்து, "முதலாளி, பழைய வண்டி ஒன்று வந்திருக்கிறது. புது வண்டி விலையில் பாதிகூட இல்லை" என்பார்.

நாங்களும் அப்படி ஒரு பேச்சுக்கு மயங்கியவர்கள்தாம். 2020ஆம் ஆண்டு, நெல் வியாபாரத்தில் கூட்டாளிகளான நாங்கள் இருவர் சேர்ந்து, வெளிமாநிலத்திலிருந்து வந்த பழைய டயர் வண்டி ஒன்றை வாங்கினோம். குறுவை அறுவடையில் நிலம் காய்ந்திருந்தது. வண்டியும் நன்றாகவே ஓடியது. போட்ட முதல் வந்துவிடும் என்று நினைத்தோம். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி டெல்டாவில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. சம்பா கதிர் முற்றிச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. எங்கள் வண்டி முதல் வயலிலேயே அச்சு வரை புதைந்தது. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்ததில், கதிரை உள்ளே ஏற்றும் சங்கிலி அறுந்தது. மாற்றுச் சங்கிலி வர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் சாய்ந்த நெல் முளைவிடத் தொடங்கிவிட்டது. கடைசியில், கேட்ட வாடகையைக் கொடுத்து பெல்ட் வண்டி வைத்துத்தான் அறுத்தோம். சொந்த வண்டி களத்து மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே நட்டத்துக்குத் தள்ளிவிட்டோம்.

அந்த நட்டத்தில் நாங்கள் கற்றதை உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வியாபாரக் கணக்கு

ஆறு ஏக்கர், இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 ஏக்கர் அறுப்பு. ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றாலும் மொத்தம் 15 மணி நேரம்தான். ஆண்டில் இரண்டு நாள் வேலைக்காக ஒரு வண்டியைக் கட்டித் தீனி போடுகிறோம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி விலை ரூ.8,00,000. 12 சதவீத வட்டி ஆண்டுக்கு ரூ.96,000. பழுது பார்க்க ரூ.1,00,000. தேய்மானம் ரூ.80,000. ஆக ஆண்டுச் செலவு ரூ.2,76,000. மணிக்கு வாடகை ரூ.2,500 என்றால், டீசல், டிரைவர், உதவியாள், தரகு எல்லாம் போகக் கையில் நிற்பது ரூ.1,200 என்று வையுங்கள். செலவை ஈடுகட்டவே வண்டி 230 மணி நேரம் ஓட வேண்டும். நமது வயலுக்கு 15 மணி போக, மீதி 215 மணி நேரம் பிறர் வயலில் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 27 நாள். லாபம் அதற்கு மேல்தான்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். பழைய வண்டி வாங்குவது விவசாயச் செலவல்ல. அது இன்னொரு வியாபாரம். அதை நடத்த நேரமும் ஆளும் இருந்தால் இறங்கலாம். "நம் வயலுக்கு மட்டும் போதும்" என்று வாங்கினால் வட்டிக்கே காணாது.

டயரா, பெல்ட்டா?

பெரிய டயர் வண்டிகள் 14 அடி அகலம் வரை ஒரே வீச்சில் அறுக்கும். காய்ந்த, பெரிய வயலுக்கு அவை ஏற்றவை. நமது சிறு வயல்களில் திரும்பவே இடம் போதாது, ஈரத்தில் புதையும். பெல்ட் வண்டி ஏறத்தாழ 2 மீட்டர் அகலம்தான் அறுக்கும். ஆனால் பாரம் பெல்ட் முழுவதும் பரவி நிற்பதால் சேற்றிலும் இறங்கும். சம்பா, தாளடி அறுப்புக்கு அதுவே துணை. அதே சமயம் ரப்பர் பெல்ட் விலை கூடியது. பழைய பெல்ட்டில் வெடிப்பு விட்டு உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி தெரிந்தால், புது பெல்ட் ஜோடியின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்துப் பேசுங்கள்.

வண்டி பார்க்கும் நாள்

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். விற்பவர் ஸ்டார்ட் செய்யுமுன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் எளிதில் கிளம்பாததை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்ற முடியும். தேய்மானம் பொய் சொல்லாது. நெல் உமியில் சிலிக்கா அதிகம். அரம் போல் இரும்பை அரிக்கும். ஆகவே நெல்லைத் தள்ளும் சுருள் தகடுகளின் விளிம்பைப் பாருங்கள். கத்தி போல் மெலிந்திருந்தால் வண்டி நிறைய உழைத்துவிட்டது. பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருக்கின்றனவா, கதிரடிக்கும் உருளையின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, சல்லடை ஒட்டுப்போட்டதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில் வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வெறும் வண்டியை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லி, என்ஜினை நிறுத்தி, எல்லாச் சக்கரமும் நின்ற பிறகு பேரிங் கூடுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது போகப் போகிறது. ஓடும்போது கை வைப்பது ஆபத்து; ஒரு நிமிட அவசரத்தில் விரல் போனவர்கள் உண்டு.

வயலில் எண்ணிப் பாருங்கள்

நின்ற இடத்தில் பார்த்து வண்டி வாங்குவது, சாக்கைப் பிரிக்காமல் நெல் வாங்குவது போல. வயலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பெல்ட் வண்டிகள் பலவற்றில் ஹைட்ராலிக் விசையில்தான் நடை. குளிர்ச்சியில் நன்றாக நடந்து, சூடான பின் வரப்பு ஏறத் திணறும் வண்டியும் உண்டு.

சேதாரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மூங்கில் குச்சியில் ஒரு அடிக்கு ஒரு அடி சட்டம் செய்துகொள்ளுங்கள். முதலில் அறுக்காத இடத்தில் வைத்து, தானாக உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். பிறகு வண்டி போன பாதையின் குறுக்கே நாலைந்து இடத்தில் வைத்து, வைக்கோலை விலக்கி, கீழே கிடக்கும் மணிகளையும் வைக்கோலில் ஒட்டியிருப்பவற்றையும் எண்ணிச் சராசரி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி சிந்தியது.

மோட்டா ரகத்தில் 1,000 நெல் மணி ஏறத்தாழ 23 கிராம் இருக்கும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே சதுர அடிக்கு ஒரு மணி சிந்தினால் ஏக்கருக்கு ஒரு கிலோ போகிறது. மணி இலேசான சன்ன ரகத்தில் இது முக்கால் கிலோவுக்குள் இருக்கும். சதுர அடிக்கு முப்பது மணி சிந்தும் வண்டி, ஏக்கருக்கு அரை மூட்டை மோட்டா நெல்லை மண்ணில் கொட்டுகிறது. காற்றாடியையும் சல்லடையையும் சரிசெய்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் கோளாறு வண்டிக்குள் இருக்கிறது.

தொட்டியில் விழும் நெல்லையும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். உமி உரிந்த மணியும் நொறுங்கிய மணியும் கூடுதலாகக் கிடந்தால் உருளை வேகமாகச் சுற்றுகிறது, அல்லது இடைவெளி தவறு. அந்த நெல்லை ஆலையில் போட்டால் குருணைதான் மிஞ்சும். மண்டி வைத்திருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலும், வண்டி அறுத்த நெல் ஈரத்தோடு வரும். அரசுக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தளர்வு அறிவித்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். காயவைக்கக் களம் இருக்கிறதா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

காகிதமும் உதிரிபாகமும்

பதிவு செய்த வண்டியானால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். வெளிமாநில வண்டிக்கு அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு 28ஆம் எண் படிவம். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்கள். இவை கைக்கு வருமுன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் உதிரிபாகம். வண்டியின் மாடலை எழுதிக்கொண்டு, விலை பேசுமுன் உதிரிபாகக் கடைக்குப் போங்கள். கத்திப் பட்டை, சங்கிலி, வி-பெல்ட், பேரிங் ஆகியவை கையிருப்பில் இருக்கின்றனவா, இல்லாவிட்டால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ஒரு நாளைக்குள் கிடைக்காது என்றால் அந்த வண்டி மலிவல்ல. அறுவடைக் காலத்தில் நாலு நாள் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை நாங்கள் கொடுத்துத் தெரிந்துகொண்டோம்.

வேறு வழியும் உண்டு

தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை அறுவடை இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. முறை கிடைப்பது சிரமம்தான். ஆகவே முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரசு மானியம் புது இயந்திரத்துக்குத்தான். பழைய வண்டிக்குக் கிடையாது. அதனால் மானியம் போகப் புது வண்டி என்ன விலை ஆகிறது என்று கேட்டுவிட்டுப் பழைய வண்டிக்கு விலை பேசுவது நல்லது. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, பருவத்துக்கு முன்பே ஒரு பெல்ட் வண்டிக்காரரிடம் நாள் குறித்து முன்பணம் கொடுத்தால், தனித்தனியாக அலைவது மிச்சம். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கடைக்கு வரும் சரக்கை எடை பார்த்து, பிரித்துப் பார்த்து, பில் பார்த்து எடுக்கும் நாம், களத்துக்கு வரும் வண்டியிடம் மட்டும் ஏன் தாராளம் காட்ட வேண்டும்? கணக்கு ஒத்துவந்தால் துணிந்து வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் தரகருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தக் காபிச் செலவோடு போகட்டும்.