ஓட்டுநர் இல்லாத ரயில்

வெளிநாடு போய்வரும் நம் வணிகப் பெருமக்கள் பெரிய விமான நிலையங்களில் ஓட்டுநர் இல்லாத சிறு ரயிலைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் ரப்பர் டயரில், கான்கிரீட் பாதையில் ஓடும். வண்டிக்கு வண்டி இடைவெளி, கதவு எல்லாம் கம்ப்யூட்டர் பொறுப்பு. ஆள் செலவு மிச்சம்தான், மறுக்கவில்லை.

அமெரிக்காவில் டென்வர் நகரில் 1995-இல் திறந்த நிலையத்தில், விமானம் ஏறும் கூடங்கள் மூன்று. ஒன்றுக்கு மட்டும் நடைபாலம் வைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் பயணிகளுக்கு ரயில்தான் வழி. ஒரே லாரி ஆபீசை நம்பி நாம் சரக்கு அனுப்புவோமா? 1998 ஏப்ரலில் ரயில் பழுதாகி நின்றது. ஆயிரக்கணக்கானோர் தவித்தனர்; பஸ் வைத்து ஏற்றினார்கள்.

அட்லாண்டாவில் 1980 முதல் இவ்வகை ரயில் சுரங்கத்தில் ஓடுகிறது. பக்கத்திலேயே நடைபாதையும் உண்டு. ரயில் நின்றாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம்.