வளர்ப்புக் கலங்களும் குளுக்கோசின் ஏவலும்

உணவு உடலுக்கு எரிபொருள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் அஃது எரிபொருள் மட்டுமன்று. கலத்தின் கருவினுள் உறையும் பரம்பரையலகுகளை ஏவும் ஆற்றலும் அதற்குண்டு. ஓருடலின் ஈரற் கலமும் நரம்புக் கலமும் ஒரே பரம்பரையலகுத் தொகுதியையே உடையன. அவற்றுள் எவை தூது ஆர்.என்.ஏ.யாகப் பிரதியெடுக்கப்பட்டுப் புரதமாக வெளிப்படும், எவை வாளாவிருக்கும் என்பது கலத்தின் வகையையும் அதன் சூழலையும் பொறுத்தது. அச்சூழலில் உள்ள பொருள்களுள் குளுக்கோசு தலையாய ஒன்றாகும்.

பற்றீரியாக்களிடத்தே இவ்வுண்மை தெளிவாகக் காணப்படும். எசரிச்சியா கோலை என்னும் பற்றீரியாவுக்குக் குளுக்கோசும் இலாக்டோசும் ஒருங்கே அளிக்கப்படின், அது குளுக்கோசை நுகர்ந்து தீர்த்த பின்னரே இலாக்டோசைப் பயன்படுத்தத் தொடங்கும். இலாக்டோசுக்குரிய நொதியங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் அதுகாறும் அடங்கியே கிடக்கும். பரம்பரையலகுகள் அடக்கப்படுமாற்றையும் விடுவிக்கப்படுமாற்றையும் பிரான்சிய அறிஞரான சாக்கோபும் மொனோவும் 1961ஆம் ஆண்டில் விளக்கினர்.

முலையூட்டிகளின் கலங்கள் எவ்வாறு ஒழுகுகின்றன? இதனை அறிதற்கு உதவுவது இழைய வளர்ப்பு முறையாகும். உடலினின்றும் பிரித்தெடுத்த கலங்களைக் கண்ணாடிக் கலனில் ஊட்டநீரிட்டு வளர்த்தலே அம்முறை. ஊட்டநீரின் கூறுகளை ஆய்வாளர் தாமே வரையறுத்தல் கூடும். உணவுண்ணாதிருக்கும் நல்லுடலின் குருதியில் இலீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் குளுக்கோசு உண்டு. ஆய்வுகூடங்களிற் பெரிதும் வழங்கும் ஊட்டநீர் வகையொன்றிலோ 25 மில்லிமோல் உண்டு. அவ்வளவு மனிதக் குருதியில் இருப்பின், அது கடும் நீரிழிவின் அடையாளமாகும்.

குளுக்கோசின் குறைவு யாது செய்யும் என்பதற்கு 1977ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று சான்று. இரவுசு சாக்கோமா வைரசினாற் புற்றுத்தன்மை எய்திய கோழிக் கருவின் கலங்களில் இரு புரதங்கள் மிகுந்து காணப்பட்டன. புற்றுத்தன்மையே அதற்கு நேர்க்காரணம் போலத் தோன்றிற்று. உண்மைக் காரணமோ வேறு. அக்கலங்கள் குளுக்கோசை விரைந்து நுகர்ந்தமையால் ஊட்டநீர் வறிதாயிற்று. குளுக்கோசை மீண்டும் ஊட்டியபோது அம்மிகுதி தோன்றவில்லை. குளுக்கோசின்றி வைத்த இயல்பான கலங்களிலோ அது தோன்றிற்று. முலையூட்டிக் கலங்களிலும் இதே விளைவு பின்னர் அறியப்பட்டது. குளுக்கோசு குன்றின் புரதங்களோடு பிணையவேண்டிய வெல்லச் சங்கிலிகள் செம்மையாக அமையா. அதனால் புரதங்கள் உரியவாறு மடியாது அகமுதலுருச் சிறுவலையில் தேங்கும். அவற்றைச் சீர்செய்தற்பொருட்டே உதவிப் புரதங்களின் பரம்பரையலகுகள் எழுப்பப்படுகின்றன.

மிகுதியின் விளைவு வேறு வகையினது. எலியின் ஈரலிலிருந்து உயேடாவின் ஆய்வுக்குழு 2001இல் பிரித்தெடுத்த புரதமொன்று இதனை விளக்கும். குளுக்கோசு மிகும்போது அப்புரதம் கருவினுட் புகுந்து, டி.என்.ஏ.யின் குறித்த இடங்களிற் பிணைகின்றது. அதன் பயனாகக் குளுக்கோசைச் சிதைக்கும் நொதியங்களும் அதனைக் கொழுப்பாக மாற்றும் நொதியங்களும் பெருகுகின்றன. மிகை உணவை ஈரல் கொழுப்பாகச் சேமித்தற்கு ஏதுவாவனவற்றுள் இதுவும் ஒன்று.

இவற்றினும் வியப்புத் தருவது ஏவல் நீங்கியபின்னும் எஞ்சும் சுவடாகும். மனிதப் பெருநாடியின் அகவணிக் கலங்களை 16 மணி நேரம் மட்டும் மிகு குளுக்கோசில் வைத்துப் பின் இயல்பான அளவுக்கு மீட்டபோதும், அழற்சியோடு தொடர்புடைய பரம்பரையலகொன்றின் மிகை வெளிப்பாடு ஆறு நாள் வரை நீடித்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. டி.என்.ஏ.யின் எழுத்து வரிசை மாறவில்லை. அது சுற்றியிருக்கும் இசுத்தோன் புரதங்களின் இரசாயனக் குறிகளே மாறின. நீரிழிவு நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வுகளும், தொடக்கத்திலேயே குருதிக் குளுக்கோசை அடக்கியோர்க்கு அதன் நன்மை நெடுங்காலம் நிலைத்தலைக் காட்டியுள்ளன. கலனிற் கண்டதனை அவ்வாறே உடலுக்கு ஏற்றியுரைத்தல் தகாதெனினும், இவ்விரண்டும் ஒரு திசையே சுட்டுகின்றன.

இத்தகைய சோதனைகளில் இரு காவல்கள் இன்றியமையாதன. மிகு குளுக்கோசு ஊட்டநீரின் பிரசாரண அமுக்கத்தையும் உயர்த்தும். ஆதலின், அதே அளவு மனிற்றோல் சேர்த்த ஊட்டநீரிலும் கலங்களை வளர்த்து ஒப்புநோக்குதல் வேண்டும். கலங்கள் குளுக்கோசை இடையறாது உண்பதால், தொடக்கத்தில் இட்ட அளவு முடிவு வரை நில்லாது. எனவே ஊட்டநீரைக் காலந்தோறும் மாற்றுதலும், எஞ்சிய அளவை அளத்தலும் வேண்டும். இவற்றைப் புறக்கணிப்பின், குளுக்கோசின் செயல் மருந்தின் செயலாகவோ நோயின் செயலாகவோ பிறழ உணரப்படும். 1977ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்திய பாடமும் இதுவே.